விபத்து இழப்பீட்டு மோசடியைக் கதையாக்க நினைப்பவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். விபத்தில் அடிபட்டவர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் வளைத்துப்போட்டு, அவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை விழுங்கும் ஒரு வழக்கறிஞர் கும்பலை வைத்து, தமிழ்நாட்டில் நடப்பதாக ஓர் இருண்ட குற்ற நாவல் எழுதுகிறீர்கள். அப்படிப்பட்ட கும்பல் இங்கே எப்படி இயங்கும், பணம் எந்த இடத்தில் கைமாறும், கதையில் ஒரு கொலை வந்தால் வாசகர் நம்புவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் 26 ஆண்டுகளாக, முதலில் காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பிலும் பிறகு பாதிக்கப்பட்டவர்களின் தரப்பிலும் நின்று வாதாடியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தத் துறையில் இருக்கும் வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் ஒழுங்காக வேலை செய்பவர்கள். பல குடும்பங்கள் தெருவுக்கு வராமல் இருப்பதற்கு அவர்களே காரணம். ஆனால் களம் மிகப் பெரியது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்து 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு, 64,105 விபத்துகளோடு. இவ்வளவு துயரமும் இவ்வளவு பணமும் ஒரே வாசல் வழியாகப் போகும்போது அந்த வாசலில் ஆட்கள் நிற்கத்தான் செய்வார்கள். அர்ஜென்டினாவில் இத்தகைய வழக்கறிஞர்களைப் பிணம் தின்னும் ஒரு பறவையின் பெயரால் ‘கரான்சோ’ என்கிறார்கள். அமெரிக்காவில் ‘ஆம்புலன்ஸைத் துரத்துபவர்’ என்பார்கள். நம்மிடம் அப்படி வழக்கறிஞருக்கென்று தனிப்பட்டம் இல்லை. ‘புரோக்கர்’ என்ற ஒரே சொல்தான் உண்டு, அதுவும் வழக்குப் பிடிக்க ஏவப்பட்டவனைத்தான் குறிக்கும், ஏவியவரை அல்ல. உங்கள் கதைக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

இத்தகைய கதைகளை எழுதுபவர்கள் வேண்டுமென்றே நடத்தப்படும் விபத்தையே மையமாக வைத்துவிடுகிறார்கள். வண்டிக்கு முன்னால் ஆளைத் தள்ளிவிடுவது காட்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் நடைமுறையில் அதற்குத் தேவையே இல்லை, ஏனென்றால் உண்மையான விபத்துகளே வேண்டிய அளவு நடக்கின்றன. இங்கே நடப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. நடந்த விபத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வண்டியைக் கொண்டுவந்து பொருத்துவது முதல் வகை. உண்மையாகவே பாதிக்கப்பட்டவருக்கு உண்மையாகவே கிடைத்த இழப்பீட்டை அவருடைய கையெழுத்தைக் கொண்டே எடுத்துக்கொள்வது இரண்டாம் வகை. முதல் வகையில் ஏமாறுவது காப்பீட்டு நிறுவனம். வாசகர் அதற்காகக் கண்ணீர் விடப்போவதில்லை. இரண்டாம் வகைதான் உங்கள் நாவல்.

இருந்தாலும் முதல் வகையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கும்பல் பயிற்சி பெறுவது அதில்தான். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் இரு சக்கர வண்டியில் வருகிறார்; சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கிறார். 108 ஆம்புலன்ஸ் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது. பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்: இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, வண்டி சறுக்கித் தானாக விழுந்ததாகக் கூறப்படுகிறது, உடன் அழைத்து வந்தவர் இன்னார். நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது இந்தப் பதிவின் நகலைத்தான். தானாக விழுந்தவருக்கு மற்றொரு வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வராது. எனவே ஏழெட்டு நாள் கழித்துக் காவல் நிலையத்தில் ஒரு புகார் வருகிறது: எதிரே அதிவேகமாக வந்த இன்ன எண்ணுள்ள சரக்கு வாகனம் மோதியது. அந்த வாகனத்துக்குக் காப்பீடு நடப்பில் இருக்கும், ஓட்டுநருக்கு உரிமம் சரியாக இருக்கும், உரிமையாளர், இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு வராமல் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது எதிர்வாதம் செய்யாதவராக, இருந்துவிடுவார். ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுவார். அந்தச் சிறு அபராத ரசீதுதான் தீர்ப்பாயத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க்கான சான்றாக வந்து நிற்கும்.

எனவே காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வழக்குக் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது முதல் தகவல் அறிக்கையை அல்ல, ஏ.ஆர். காப்பியை. விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள், வலியில் இருந்தவரோ அவரோடு வந்தவரோ, யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொன்ன வார்த்தை அதில் மட்டும்தான் இருக்கும். உங்கள் நாவலில் ஒரு தடயம் வேண்டுமென்றால் அந்த ஒற்றை வரியை வையுங்கள். அதைத் திருத்த முயல்பவர், திருத்த மறுப்பவர், அதன் நகலை ஒளித்து வைத்திருப்பவர் என்று மூன்று பாத்திரங்கள் அதிலிருந்தே கிடைத்துவிடுவார்கள்.

இது எந்த அளவுக்குப் பெருகக்கூடும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் ஒரு சான்று. போலி விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்க அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015இல் அங்கே ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் விசாரணை நத்தை வேகத்தில் நகர்வதையும், அந்த மாநில வழக்கறிஞர் மன்றம் தன் உறுப்பினர்கள் மீதான நடவடிக்கையில் அக்கறை காட்டாததையும் உச்ச நீதிமன்றம் 2021இல் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகே 28 வழக்கறிஞர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாவலாசிரியருக்கு இதில் சுவையானது எண்ணிக்கை அல்ல, அந்த ஆறு ஆண்டு மௌனம். ஒரு தொழில் தன்னவர்களை எப்படிக் காக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். அது பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் பிணவறைக்கு வெளியே உள்ள மரத்தடியில் தொடங்கும். காலையில் வேலைக்குப் போன கணவனின் உடலைப் பிரேதப் பரிசோதனை முடித்து வாங்க ஒரு பெண் காத்திருக்கிறாள். அவளுக்கு எந்த அலுவலகத்தில் எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும் என்று தெரியாது. அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வருகிறார். மிரட்டவில்லை, பசப்பவும் இல்லை. “அக்கா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா?” என்று கேட்கிறார். புறக்காவல் நிலையத்தில் பேசுகிறார், ஊருக்கு உடலைக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்கிறார், காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று இருபதாயிரம் ரூபாய் தருகிறார். பதினாறாம் நாள் கழிந்ததும் வக்காலத்திலும், அதனோடு நாலைந்து வெற்றுத்தாள்களிலும் கையெழுத்து வாங்குகிறார். அவளுக்கு அவர் அந்நியர் அல்லர்; சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத நாளில் வந்து நின்றவர். இந்த நன்றிக்கடன்தான் கும்பலின் உண்மையான முதலீடு. உங்கள் வில்லனைக் கத்தியோடு அறிமுகப்படுத்தாதீர்கள்; தேநீர்க் குவளையோடு அறிமுகப்படுத்துங்கள்.

ஒரு குடும்பத்தின் பின்னால் நான்கு ஆண்டுகள் அலையும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்பார். கணக்கைச் சொல்கிறேன். இறந்தவர் 30 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் வகுத்தபடி, சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். மாதம் 21,000 ஆகிறது. நான்கு முதல் ஆறு பேர் சார்ந்திருந்தால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்று சரளா வர்மா வழக்கில் 2009இல் சொல்லப்பட்டது, மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. அதே தீர்ப்பின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை பெருக்கல் எண் 17. ஆக 32,13,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவு, துணையிழப்பு போன்ற தலைப்புகளில் சிறு தொகைகள் சேரும். வழக்கு நான்கு ஆண்டு நடந்து, இங்கே வழக்கமாகக் கொடுக்கப்படும் 7.5 சதவீத வட்டி கணக்கிடப்பட்டால் இன்னும் 9,63,900. நாற்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண்ணின் மனத்தில் இருக்கும் எண் என்ன தெரியுமா? பக்கத்து ஊரில் யாருக்கோ கிடைத்ததாகக் கேள்விப்பட்ட நான்கு லட்சம். நாற்பதுக்கும் நான்குக்கும் நடுவில் உள்ள இருட்டில்தான் உங்கள் கதை முழுவதும் நடக்கிறது.

இந்தக் கணக்கின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு சூழ்ச்சிக்கு இடம் தருவதையும் கவனியுங்கள். இறந்தவருக்கு 31 வயது என்றால் பெருக்கல் எண் 16. ஒரே ஒரு வயதில் 1,89,000 ரூபாய் குறைந்துவிடும். அதனால் பள்ளி மாற்றுச் சான்றிதழும் ஆதார் அட்டையும் வேறு வேறு பிறந்த தேதி சொல்லும்போது எந்தத் தாள் காணாமல் போகிறது என்பது பெரிய கேள்வி ஆகிவிடும். மணமாகாதவர் என்றால் பாதியைக் கழிப்பார்கள் என்பதால், இறந்த பிறகு ஒரு மனைவி முளைத்த வழக்கையும் நான் பார்த்திருக்கிறேன்.

காயமடைந்தவர்களின் வழக்கில் சூழ்ச்சி வேறு இடத்தில் இருக்கும்: ஊனச் சான்றிதழில். மருத்துவர் சொல்லும் ஊனச் சதவீதமும் அதனால் ஒருவர் இழக்கும் சம்பாத்தியச் சதவீதமும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. ஓட்டுநருக்குக் கால் போனால் பிழைப்பே போயிற்று. மேசை வேலை செய்பவருக்கு அப்படி இல்லை. அதே தீர்ப்பில், சிகிச்சையே அளிக்காமல் தயார் நிலையில் சான்றிதழ் எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களிடம் தீர்ப்பாயங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அப்படிப்பட்ட ஒருவரை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள், மூன்று வெவ்வேறு எலும்புகள். சான்றிதழ் மூன்றிலும் ஒரே 45 சதவீதம், ஒரே வாசகம், தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாது என்ற ஒரே குறை. மூன்றாமவருக்கு முறிந்திருந்தது மணிக்கட்டு. மணிக்கட்டு முறிந்தவர் ஏன் சம்மணமிட முடியாது என்று கேட்டதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். பதிவேடு கடைசி வரை வரவில்லை.

வழக்கறிஞரின் பங்கு என்ன, அது சட்டப்படி சரியா என்பது உங்கள் கதையின் முதுகெலும்பு; அதனால் சற்று நின்று சொல்கிறேன். வெற்றி பெற்றால் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் தடை. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு தெலங்கானா வழக்கு அப்படியே ஒரு நாவலின் முதல் அத்தியாயம்: 1998இல் விபத்தில் கணவனை இழந்த பெண் ஒருவர், இழப்பீடு வந்த பிறகு, ஏற்கெனவே கொடுத்த கட்டணத்துக்கு மேல் மூன்று லட்ச ரூபாய்க்குத் தன் வழக்கறிஞரிடம் காசோலை எழுதிக் கொடுக்கிறார், அது பணமில்லாமல் திரும்பியதும் அந்த வழக்கறிஞரே தன் கட்சிக்காரர் மீது காசோலை மோசடி வழக்குத் தொடுக்கிறார். கிடைத்த தொகையில் பங்கு கேட்பது பொதுநலனுக்கு எதிரானது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்தது.

ஆனால் தடை இருப்பதால் பழக்கம் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. முன்பணம் கொடுக்க வழியில்லாத குடும்பத்துக்கு, வந்த பிறகு கொடுங்கள் என்று சொல்லும் வழக்கறிஞரே கதி. என் கருத்தைக் கேட்டால், இந்தத் தடை இப்போது இருக்கும் நிலையில் நேர்மையானவரைவிடத் திருடனுக்கே அதிகம் உதவுகிறது என்பேன். சட்டவிரோதம் என்பதால் எந்த ஒப்பந்தமும் எழுத்தில் இருக்காது. எழுத்தில் இல்லாததால் பத்து சதவீதம் பேசியவர் அறுபது சதவீதம் எடுத்தாலும் காட்ட ஒரு தாள் இருக்காது. சக வழக்கறிஞர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் கட்டணமில்லாமலே வழக்கறிஞர் கிடைப்பாரே என்பார்கள். கிடைப்பார், உண்மைதான். ஆனால் பிணவறை வாசலுக்கு யார் முதலில் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. புரோக்கர்களை ஒடுக்க 2023இல் வழக்கறிஞர்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி புரோக்கர் என்று பட்டியலிடப்பட்ட ஒருவர் மீண்டும் அதே வேலையைச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்! உங்கள் புரோக்கர் அதைத் தன் சட்டைப் பையிலேயே தயாராக வைத்திருப்பதாக எழுதலாம்.

பணம் எந்த இடத்தில் போகிறது என்று கேட்டீர்கள். ஓர் இடம் லோக் அதாலத், வழக்குகளைச் சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றம். அது நல்ல ஏற்பாடு. பல ஆண்டு இழுக்க வேண்டிய வழக்கு ஒரே நாளில் முடியும். ஆனால் அங்கே சமரசமாக முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. நாற்பது லட்சம் பெறும் வழக்கைப் பதினெட்டு லட்சத்துக்கு முடிக்க இரு தரப்பும் மறைவில் ஒத்துப்போனால் அந்தத் தீர்வை அசைப்பது மிகக் கடினம். மனுதாரர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், கையெழுத்தும் போடுவார். அருகில் நிற்பவர் தலையாட்டச் சொன்னால் தலையாட்டுவார்.

இன்னோர் இடம், வழக்கு முடிந்த பிறகு வருவது. காப்பீட்டு நிறுவனம் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்திய பின் அதை எடுக்க மனுதாரர் தனியாக மனுப் போட வேண்டும். ‘பேமென்ட் அவுட்’ என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏமாற்றப்படுவார்கள் என்று முன்கூட்டியே எண்ணி, தொகையின் ஒரு பகுதியை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் எடுக்கவிட வேண்டும், சிறுவர்களின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை தொடக் கூடாது என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் சூசம்மா தாமஸ் வழக்கில் 1993இலேயே வழிகாட்டியது. 2021இல் தொகையை வங்கிப் பரிமாற்றமாகவே அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவிட்டது. காசோலை இடையில் காணாமல் போவது இதனால் நின்றது. ஆனால் திருட்டு ஒரு படி தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான்: காசோலையைப் பிடிப்பதற்குப் பதிலாகக் கணக்கையே பிடித்துக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ரேஷன் கார்டு நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், ஒரு சேமிப்புக் கணக்குப் புத்தகம், இவ்வளவுதான் பையில். புத்தகம் அவர் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு கிளையில் தொடங்கப்பட்டது. முதல் வரி கணக்குத் தொடங்க ஆயிரம் ரூபாய். இரண்டாவது வரி தீர்ப்பாயத்திலிருந்து வந்த 11 லட்சத்து 40 ஆயிரம். அடுத்த நான்கு நாளில் ஐந்து காசோலைகள், ஐந்தும் அவரே கையெழுத்திட்டவை, எல்லாம் கணக்குத் தொடங்கிய அன்றே வாங்கி வைத்தவை. மீதி ஆயிரத்துச் சில்லறை. வங்கியில் பதிவாகியிருந்த கைப்பேசி எண் புரோக்கருடையது. பணம் வந்த செய்தியும் போன செய்தியும் அவருக்குத்தான் போயின. அந்தப் பெண்ணின் கையில் மூன்று லட்சத்தைக் கொடுத்து, மிச்சமெல்லாம் கோர்ட்டுச் செலவு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புகார் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “வேண்டாங்க ஐயா. அவரு இல்லைன்னா இந்த மூணு லட்சமும் வந்திருக்காதுங்களே.” அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது பொய் அல்ல. உங்கள் நாவலின் இருட்டு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் அந்த வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

கொலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பெரிய சரக்கு லாரிகள் மீது வேண்டுமென்றே கார்களை மோதவிட்டு இழப்பீடு கறந்த ஒரு கும்பலின் மீது அந்நாட்டு மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. மோதுபவருக்கு ‘ஸ்லாமர்’, பின்னால் வந்து அவரை ஏற்றிக்கொண்டு தப்புபவருக்கு ‘ஸ்பாட்டர்’ என்று பெயர் வைத்து, தொழிற்சாலை போல நடத்தினார்கள். வழக்கறிஞர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். விசாரணை அதிகாரிகளோடு ஒத்துழைத்த ஒருவர் 2020 செப்டம்பரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, நடக்கும். ஆனால் அங்கே கொல்லப்பட்டவர் யார் என்று பாருங்கள்: ஏமாந்தவர் அல்லர், கும்பலுக்குள் இருந்து வாய் திறந்தவர். ஏமாந்தவரைக் கொல்ல எந்தக் காரணமும் இல்லை. அவருடைய கையெழுத்து தொடர்ந்து தேவைப்படும். நீங்கள் கொலை வைப்பதானால் கும்பலின் சங்கிலியில் பலவீனமான கண்ணியைத் தேர்ந்தெடுங்கள். பொருத்தப்பட்ட வண்டியின் ஓட்டுநர் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறார்: ஐயாயிரம் ரூபாய்க்காகச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர், அதே தண்டனையால் பிறகு வேறு வேலை கிடைக்காமல் போனவர், குடித்துவிட்டு எங்கேயோ உளறத் தொடங்கியவர்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் 2022 ஏப்ரல் 1 முதல் விதிகள் மாறிவிட்டன. அதற்கு முன்பு விபத்து நடந்து எத்தனை ஆண்டு கழித்தும் மனுப் போட முடிந்தது. பழைய காய வழக்குகளைத் தோண்டி எடுத்துப் புதிய வண்டிகளைப் பொருத்தியதெல்லாம் அந்தக் காலத்து வசதி. இப்போது ஆறு மாதக் கெடு சட்டத்தில் உள்ளது, அதை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன. காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். எட்டாம் நாள் வண்டியைக் கொண்டுவருவது இனிச் சிரமம். இரண்டு நாளுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவசரமும் பதற்றமும் வேண்டுமென்றால் புதிய விதிகள். மெதுவாக அரித்துத் தின்பதைக் காட்ட வேண்டுமென்றால் 2010க்குப் பிந்தைய சில ஆண்டுகள். மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்லாமல் மனுதாரர் வசிக்கும் ஊரிலும் எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலும் போடலாம் என்பது மாறவில்லை. அதனால் ஒரே விபத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு மனுக்கள் போடும் பழைய தந்திரத்தை இரண்டு காலத்திலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, இதைக் கண்டுபிடிப்பது யாராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போலீஸ் அதிகாரியையோ மனந்திருந்திய இளம் வழக்கறிஞரையோ நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அவர்கள் இந்தக் கட்டை முழுமையாகப் பார்ப்பதே இல்லை. எல்லாத் தாள்களும் ஒரே மேசையில் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு, தீர்ப்பாயத்தில் பேமென்ட் அவுட் மனுக்களைச் சரிபார்க்கும் எழுத்தரின் மேசை. அவருக்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை, கேள்வி கேட்கும் உரிமைகூட அதிகம் இல்லை. ஆனால் வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்த பதினோரு விதவைகள் ஒரே வங்கிக் கிளையில், ஒரே கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஒரே வாரத்தில் கணக்குத் தொடங்கியிருப்பது அவர் கண்ணில்தான் முதலில் படும். அவர் அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, மதிய உணவு இடைவேளையில், வராந்தாவின் கோடியில் நின்று அழைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் எடுப்பவரின் குரல், தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குள் போகும் குரலாக இருக்கட்டும்.